ஒரு வரிக்கு 64 மைக்ரோ வினாடி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் 'பிபிசி மைக்ரோ' என்ற கணினியை வெளியிட்டது. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. நினைவகம் 32 கிலோபைட். திரை மட்டும் கூட வராது. வீட்டில் இருக்கும் டிவியே திரை. இந்தியாவுக்கும் அந்தப் பெட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குப் போனது பிபிசி மைக்ரோதான். பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று அதே கணினியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது.

அப்படி ஒரு பெட்டி ஏதோ ஒரு பள்ளி அலமாரியிலிருந்து வெளியே வந்து, சங்கரன்கோவிலில் ஒரு வீட்டுக் கூடத்தில், சுவரில் மாட்டிய 43 அங்குலத் தட்டைத் திரை டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் இணைக்க வேண்டும். டிவியின் பின்னால் இருப்பது எச்டிஎம்ஐ துளை. கணினியின் பின்னால் இருப்பவை வட்ட வடிவ உலோகத் துளைகள். எப்படியோ கம்பியைப் பொருத்திவிட்டாலும் படம் நடுங்கும், எழுத்து கலங்கும், அல்லது 'சிக்னல் இல்லை' என்று டிவி சொல்லும். கம்பியின் வடிவம் சின்னப் பிரச்சினை. இந்த இரண்டு இயந்திரங்களும் 'படம்' என்று நினைப்பது வேறுவேறு பொருளை. அந்த வேறுபாட்டுக்குள் இறங்கினால், நாற்பது ஆண்டுப் பொறியியலின் மிக நுட்பமான சில வேலைகளைப் பார்க்கலாம்.

பழைய குழாய் டிவியிலிருந்து தொடங்குவோம். அதன் கண்ணாடிக் குழாயின் பின்முனையில் எலக்ட்ரான் துப்பாக்கி. முன்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில், எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பூச்சு. துப்பாக்கியிலிருந்து வரும் கற்றை ஒரு நேரத்தில் திரையின் ஒரே ஓர் இடத்தைத்தான் தொடும். மின்காந்தச் சுருள்கள் அந்தக் கற்றையை இடமிருந்து வலமாக இழுக்கும். ஒரு வரி முடியும். கற்றை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். சற்றுக் கீழே அடுத்த வரி தொடங்கும். விசைத்தறிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பாவின் குறுக்கே நாடா ஓடி ஓடி, ஊடை நூல் ஒவ்வொன்றாகச் சேர்ந்து துணி உருவாகிறதே, அதேபோல் வரி வரியாகச் சேர்ந்து படம் உருவாகிறது. தறியில் நாடா இரண்டு பக்கமும் போய்வரும். இங்கே கற்றை ஒரு திசையில் மட்டும் நெய்யும். தறியில் நெய்த நூல் அங்கேயே இருக்கும். இங்கே நெய்த வரி உடனே மங்கத் தொடங்கிவிடும். ஆகவே மொத்தத் துணியையும் ஓயாமல் திரும்பத் திரும்ப நெய்துகொண்டே இருக்க வேண்டும்.

வேகத்தைப் பாருங்கள். இந்தியா பின்பற்றிய 'பால்' ஒளிபரப்பு முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். வினாடிக்கு 25 முழுப் படங்கள். பெருக்கினால் வினாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது 64 மைக்ரோ வினாடி. மைக்ரோ வினாடி என்பது வினாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. கண்ணிமைக்கப் பத்தில் ஒரு வினாடி ஆகிறது என்று வைத்தாலும், அதற்குள் கற்றை 1,500 வரிகளுக்கு மேல் இழுத்திருக்கும். இந்த 15,625ஐக் காதால்கூடக் கேட்கலாம். குழாய் டிவியைப் போட்டதும் சிறுவர்களுக்கு எளிதில் கேட்கும் அந்த மெல்லிய கீச்சொலி, கற்றையை இழுக்கும் மின்மாற்றி வினாடிக்கு 15,625 முறை அதிர்வதால் வருவது. வயது ஏற ஏற அந்த உயரத்து ஒலி காதைவிட்டுப் போய்விடும்.

25 படம் மட்டும் காட்டினால் திரை மினுக்கும். இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். முதலில் ஒற்றைப்படை வரிகளை மட்டும் நெய்வது. அடுத்து இரட்டைப்படை வரிகளை அவற்றின் இடையில் நெய்வது. ஆளுக்கு ஐம்பதில் ஒரு வினாடி. அரைப்படம், அரைப்படமாக வினாடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படுவதால் கண் ஏமாறும். இதை இடைவரி முறை என்று சொல்லலாம். கம்பியிலோ காற்றிலோ அனுப்ப வேண்டிய தகவல் ஒரு துளியும் கூடவில்லை; மினுக்கம் மட்டும் குறைந்தது.

கற்றை எப்போது திரும்ப வேண்டும் என்று டிவிக்கு யார் சொல்வது? சிக்னலே சொல்கிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் கறுப்புக்கும் கீழே சரிந்து 4.7 மைக்ரோ வினாடி அங்கேயே நிற்கும். இது ஒத்திசைவுத் துடிப்பு. 'அடுத்த வரி' என்ற கட்டளை. நீளமான துடிப்புகள் சில தொடர்ந்து வந்தால் 'மேலே போய் முதல் வரியிலிருந்து தொடங்கு' என்று பொருள். மற்ற நேரத்தில் மின்னழுத்தம் உயர்ந்தால் வெளிச்சம், தாழ்ந்தால் இருட்டு. சிக்னலுக்குள் 'இது 200ஆவது புள்ளி' என்ற குறிப்பு எங்கும் கிடையாது. ஒரு புள்ளி திரையில் எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது, துடிப்பு வந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அது வருகிறது என்ற ஒன்றே. பழைய கணினி டிவிக்கு அனுப்புவது நேரத்தை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

நேரத்தை அனுப்ப வேண்டுமென்றால் நல்ல கடிகாரம் வேண்டும். பிபிசி மைக்ரோவின் சுற்றுப்பலகையில் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதை டிவியின் 15,625ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியே இல்லாமல் 1,024 வரும். 1,024 என்பது இரண்டைப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும் எண். கணினிச் சில்லுகளுக்கு மிகவும் இசைவானது. படிகத்தின் துடிப்பைப் பாதியாக்கி, பாதியாக்கி, பத்து முறை பாதியாக்கினால் டிவியின் ஒரு வரி துல்லியமாகக் கிடைத்துவிடும். எந்தக் கோணல் கணக்கும் வேண்டாம்.

பிரிட்டனுக்காகச் செய்த பெட்டி இந்திய டிவியோடு தாளம் தப்பாமல் ஓடியதற்கும் காரணம் உண்டு. இரண்டு நாட்டிலும் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. இரண்டிலும் 625 வரி. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் பால் முறைதான். அதே ஆண்டில் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியும் பால் முறையே. தென்மாவட்டங்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைப் பார்த்த வீடுகள் ஏராளம். அமெரிக்காவிலோ 60 சுழற்சி, 525 வரி. அமெரிக்காவுக்கென்று செய்த கணினியை அப்படியே கொண்டுவந்து இங்குள்ள அன்றைய டிவியில் மாட்டினால் படம் உருளும், அல்லது வண்ணம் போய்விடும்.

இனி கணினியின் உள்ளே போவோம். மிகக் கூர்மையான படமுறையில் பிபிசி மைக்ரோ திரையில் 640 × 256 புள்ளிகளைக் காட்டும். மொத்தம் 1,63,840 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும் 20 கிலோபைட் ஆகும். இருக்கும் நினைவகமே 32 கிலோபைட். திரைக்குக் கொடுத்ததுபோக மிஞ்சும் 12 கிலோபைட்டில் கணினியின் சொந்தத் தேவையும் நிரலும் தரவும் அடங்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இந்த 32 கிலோபைட்டைப்போல நூறு மடங்குக்கும் சாதாரணமாக மேலே போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே நினைவகத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுவது. கணக்குப் போடும் செயலிக்கும் நினைவகம் வேண்டும். படம் அனுப்பும் சுற்றுக்கும் வேண்டும். படச் சுற்று ஒரு கணம் காத்திருந்தாலும் திரையில் கோளாறு தெரியும், ஏனென்றால் கற்றை யாருக்காகவும் நிற்காது. அந்தக் காலக் கணினிகள் பலவற்றில் செயலியைத்தான் காத்திருக்க வைத்தார்கள், கணினி மெதுவானது. ஏகார்ன் பொறியாளர்கள் வினாடிக்கு 40 லட்சம் முறை வாசிக்கக்கூடிய வேகமான நினைவகச் சில்லுகளைத் தேடிப் பிடித்து, ஒரு முறை செயலிக்கு, அடுத்த முறை திரைக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இருவருக்கும் வினாடிக்கு 20 லட்சம் முறை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இதில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. அந்த வகை நினைவகச் சில்லு ஒவ்வொரு பிட்டையும் நுண்ணிய மின்னேற்றமாக வைத்திருக்கும். மின்னேற்றம் கசியும், சில மில்லி வினாடிக்குள் யாராவது வாசித்துப் புதுப்பிக்காவிட்டால் தகவல் அழிந்துவிடும். அதற்கென்று தனிச் சுற்று வைப்பது வழக்கம். பிபிசி மைக்ரோவிலோ, திரைக்காக நினைவகத்தை ஓயாமல் வாசித்துக்கொண்டே இருப்பதால், அந்த வாசிப்பே புதுப்பிக்கும் வேலையையும் செய்துவிடுகிறது. கணினியின் நினைவை உயிரோடு வைத்திருப்பது, அது டிவிக்குப் படம் அனுப்பும் வேலைதான்.

இடம் போதாதவர்களுக்காக ஏழாம் எண் படமுறை ஒன்றும் உண்டு. 40 எழுத்து வீதம் 25 வரி, ஆக மொத்தம் 1,000 எழுத்துகள். ஒரே ஒரு கிலோபைட் போதும். எழுத்துகளை வரைவது டெலிடெக்ஸ்ட் என்ற சேவைக்காகச் செய்யப்பட்ட தனிச் சில்லு. அந்தச் சேவையே ஓர் அதிசயம். கற்றை திரையின் அடியிலிருந்து மேலே திரும்பும் நேரத்தில் சில வரிகள் படமில்லாமல் வெறுமையாக ஓடும். அந்த வெறும் வரிகளில் செய்தி, வானிலை, ரயில் விவரம் ஆகியவற்றை எழுத்துகளாக ஒளித்து அனுப்பினார்கள். 1983 முதல் பிபிசி அதே வழியில் கணினி நிரல்களையும் அனுப்பியது. இணையம் வீட்டுக்கு வருவதற்கு ஆண்டுகள் முன்பே, ஆன்டெனா வழியாக மென்பொருள் இறங்கியது.

நேரம்தான் படம் என்பதற்கு நேரடிச் சான்று ஒளிப்பேனா. கணினியோடு கம்பியால் இணைத்த பேனாவைத் திரைமேல் வைத்தால், எந்த இடத்தில் வைத்தோம் என்று கணினிக்குத் தெரிந்துவிடும். பேனாவுக்குள் இருப்பது ஒரு சாதாரண ஒளி உணரி. கற்றை பேனாவுக்கு அடியில் கடக்கும் அந்தக் கணத்தில் உணரி ஒரு துடிப்பை அனுப்பும். வரி தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது, எத்தனையாவது வரி என்று பார்த்தால் இடம் கிடைத்துவிடும். அதைக் குறித்துக்கொள்ளவென்றே பிபிசி மைக்ரோவின் திரைக்கட்டுப்பாட்டுச் சில்லில் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இதே பேனாவைத் தட்டைத் திரைமேல் வைத்தால் எதுவும் நடக்காது. அங்கே கடந்துபோகக் கற்றையே இல்லை.

கணினியின் பின்பக்கம் படம் வெளியேற மூன்று வாசல்கள். முதலாவது, ஆன்டெனா துளைக்கானது. கணினிக்குள்ளேயே ஒரு குட்டி ஒளிபரப்பி இருந்து, படத்தை டிவி நிலையத்தின் அலைவரிசைபோல மாற்றிக் கம்பிவழியே அனுப்பும். டிவி அதை இன்னொரு சேனல் என்று நினைத்துக்கொள்ளும். பெரும்பாலான டிவிகளில் வேலை செய்யும் என்பது இதன் பெருமை. படத்தின் தரம் மூன்று வாசல்களிலும் மிக மட்டமாக இருப்பது இதன் விலை. இரண்டாவது வாசலில் வருவது, நாம் 'ஏவி கம்பி'யின் மஞ்சள் முனையில் பார்க்கும் கூட்டுச் சிக்னல். வெளிச்சமும் ஒத்திசைவும் வண்ணமும் ஒரே கம்பியில்.

ஒரே கம்பியில் வண்ணத்தை எப்படிச் சேர்த்தார்கள்? வெளிச்சச் சிக்னலின் மேலேயே வினாடிக்கு ஏறத்தாழ 44 லட்சம் முறை அலையும் ஒரு துணை அலையை ஏற்றினார்கள். அலையின் உயரம் வண்ணத்தின் அடர்த்தி. அலை எவ்வளவு முன்பின் தள்ளி வருகிறது என்பது என்ன வண்ணம் என்பதைச் சொல்லும். வழியில் அந்தத் தள்ளல் சற்றுப் பிசகினால் முகம் பச்சையாகிவிடும். ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் புரூக் 1960களின் தொடக்கத்தில் இதற்குத் தீர்வு கண்டார். ஒரு வரி விட்டு ஒரு வரி, அலையின் ஒரு பாகத்தைத் தலைகீழாக அனுப்புவது. ஒரு வரியில் பிழை பச்சைப் பக்கம் சாய்ந்தால் அடுத்த வரியில் எதிர்ப்பக்கம் சாயும். சேர்த்துப் பார்த்தால் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 'பால்' முறையின் உயிர் இந்த யோசனை.

கணினி எழுத்துக்கு மட்டும் இந்தக் கூட்டுச் சிக்னல் ஒத்துவராது. ஒரு வரியில் 640 புள்ளிகளைக் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வைத்தால், வெளிச்சம் வினாடிக்கு 80 லட்சம் முறை ஏறி இறங்கும். இங்குள்ள ஒளிபரப்பு முறை ஏறத்தாழ 50 லட்சம் வரைதான் தாங்கும். அதோடு, எழுத்தின் நுண்ணிய கோடுகளை வண்ண அலை என்று டிவி தவறாகப் புரிந்துகொள்ளும். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் பிபிசி மைக்ரோவின் கூட்டுச் சிக்னல் வாசல் ஆலையிலிருந்து வரும்போது கறுப்பு-வெள்ளையாகவே வந்தது. வண்ணத்தை விட்டுக்கொடுத்தால் எழுத்து தெளியும்.

மூன்றாவது வாசல்தான் புதையல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில். ஒத்திசைவுத் துடிப்பு இன்னொரு கம்பியில். ஒவ்வொரு வண்ணக் கம்பியிலும் இரண்டே நிலை: உண்டு, இல்லை. மூன்று கம்பி, தலா இரண்டு நிலை என்றால் 2 × 2 × 2, ஆக எட்டு வண்ணம். கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், கருஞ்சிவப்பு, வெளிர்நீலம், வெள்ளை. கலவையும் இல்லை, கலக்கமும் இல்லை. கணினி நினைத்தது நினைத்தபடி வெளியே வரும் ஒரே வாசல் இது.

இப்போது சுவரில் இருக்கும் தட்டைத் திரையைப் பார்ப்போம். முழு எச்டி திரையில் 1,920 × 1,080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் ஒளியைத் தடுக்கவோ விடவோ செய்யும் திரவப் படிகமும், அதை இயக்க ஒரு டிரான்சிஸ்டரும். மொத்தம் 62 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கண்ணாடியின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. இங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் நிரந்தர முகவரி உண்டு. வைத்த நிறத்தை அடுத்த கட்டளை வரும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும். இந்தத் திரையின் ஒரே ஒரு படத்தைச் சேமிக்க வேண்டிய இடம், பிபிசி மைக்ரோவின் மொத்த நினைவகத்தைப்போல ஏறக்குறைய 190 மடங்கு.

பழையது நேரத்தை அனுப்புகிறது. புதியது முகவரி கேட்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஏவி டு எச்டிஎம்ஐ' பெட்டி இந்த மாற்றத்தைச் செய்யத்தான் செய்கிறது, ஆனால் தனக்குத் தெரிந்த ஒளிபரப்பை மனத்தில் வைத்து. வருவதெல்லாம் அரைப்படம், இரண்டை ஒட்டினால்தான் முழுப்படம் என்பது அதன் நம்பிக்கை. பழைய கணினியோ பெரும்பாலும் ஐம்பதில் ஒரு வினாடிக்கு ஒரு முறை முழுப்படத்தையே அனுப்பும். முழுப்படத்தை அரைப்படம் என்று நினைத்து ஒட்டும்போது எழுத்து நடுங்கும். ஓடும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரியும். அதோடு, இவற்றில் பல 50 படத்தை 60 ஆக்கித்தான் வெளியே தரும். ஐந்து படத்துக்கு ஒன்று இருமுறை வரும். சீராக நகர வேண்டிய பந்து வினாடிக்குப் பத்து முறை தயங்கும்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு வழி கண்டார்கள் பிபிசி மைக்ரோ ஆர்வலர்கள். 'ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ' என்ற அந்தத் திட்டத்தில், மூன்றாம் வாசலிலிருந்து வரும் சிக்னல் ஒரு சிறு தர்க்கச் சில்லு வழியாக ராஸ்பெரி பை ஜீரோ என்ற விரல்நீளக் கணினிக்குப் போகிறது. 2015இல் ஐந்து டாலருக்கு வெளிவந்த அந்தப் பலகையில் 512 மெகாபைட் நினைவகம். அதாவது பிபிசி மைக்ரோவைப்போல 16,384 மடங்கு. அதன் வேலை, வந்துகொண்டிருக்கும் நேரத்தைத் திரும்பப் புள்ளிகளாக எண்ணுவது. 640 புள்ளிகள் 40 மைக்ரோ வினாடிக்குள் கடந்துபோகும். ஒரு புள்ளிக்கு 62.5 நானோ வினாடி. ஒரு நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளிகூட 62.5 நானோ வினாடிக்குள் 19 மீட்டர்தான் போக முடியும். ஒன்றரைப் பேருந்து நீளம். அதற்குள் சிவப்பா, பச்சையா, நீலமா என்று பார்த்து எழுதி முடிக்க வேண்டும்.

புள்ளியின் எந்தக் கணத்தில் பார்ப்பது என்பதிலும் நுட்பம் இருக்கிறது. ஒரு நிறம் இன்னொன்றாக மாறும் தறுவாயில் பார்த்தால் பாதி நேரம் தவறாக வாசிக்கும். புள்ளியின் நடுப்பகுதியில், நிறம் நிலைத்து நிற்கும்போது பார்க்க வேண்டும். நடு எது என்று அந்தக் கருவி தானே கண்டுபிடிக்கிறது. அசையாத ஒரு படத்தைத் திரையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கணத்தையும் சோதித்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிடும். படம் அசையாததால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தக் கணத்தில் பார்த்தால் வேறுபாடு பூஜ்யமோ அதை வைத்துக்கொள்ளும். அதன்பிறகு ஒரு புள்ளிகூடத் தப்பாது.

அடுத்த தடை, இரண்டு கடிகாரங்கள். கணினியின் படிகமும் கருவியின் படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. வெப்பத்திலும் வயதிலும் மிகச் சிறிய வேறுபாடு வரும். அப்படியே விட்டால் சில வினாடிக்கு ஒரு முறை ஒரு படம் விடுபடும், அல்லது இருமுறை வரும். கருவி தன் எச்டிஎம்ஐ கடிகாரத்தையே மிக மெல்லிய அளவுகளில் முன்பின் நகர்த்தி, பழைய கணினியின் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. 32 கிலோபைட் பெட்டி வைக்கும் தாளத்துக்கு முழு எச்டி டிவி நடக்கிறது.

படத்தைப் பெரிதாக்குவதிலும் எண்கள் அழகாகப் பொருந்துகின்றன. 256 வரிகளை நான்கால் பெருக்கினால் 1,024. 1,080 வரித் திரையில் மேலும் கீழும் 28 வரி மட்டும் மிஞ்சும். 640 புள்ளிகளை இரண்டால் பெருக்கினால் 1,280. இரு பக்கமும் 320 புள்ளி கறுப்பு ஓரம். 320 புள்ளி படமுறைக்கு நான்கு மடங்கு, 160 புள்ளி படமுறைக்கு எட்டு மடங்கு. எல்லாம் அதே 1,280. ஒவ்வொரு பழைய புள்ளியும் முழு எண்ணிக்கைப் புதிய புள்ளிகளாக விரிவதால் எங்கும் மங்கல் இல்லை. 'திரையை நிரப்பு' என்று டிவியிடம் சொன்னால் இந்த அழகு கெடும். சதுரங்கள் தடிமனும் மெலிவுமாகக் கோணும். டிவியின் பட அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற தேர்வையும், தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்'டையும் போட்டுவிடுவது நல்லது.

எச்டிஎம்ஐ கம்பிக்குள்ளும் ஒரு பழைய பழக்கம் வாழ்கிறது. திரையில் தெரிவது 1,080 வரி. ஆனால் கம்பியில் போவது 1,125 வரி. மிச்சமுள்ள 45 வரிகளும் ஒவ்வொரு வரியின் முடிவில் உள்ள இடைவெளியும், எலக்ட்ரான் கற்றை திரும்பி வருவதற்காக ஒதுக்கிய வெறுமை நேரத்தின் எச்சம். இன்று கற்றை இல்லை, ஆனாலும் நேரம் வீணாகவில்லை. எச்டிஎம்ஐ வழியே வரும் ஒலி முழுவதும் அந்த இடைவெளிகளில்தான் பொட்டலங்களாகப் பயணிக்கிறது. அன்றைக்கு டெலிடெக்ஸ்ட் வெறும் வரிகளில் செய்தி அனுப்பிய அதே யோசனை.

கருவி வாங்க வழியில்லாதவர்களுக்கும் ஒரு நல்ல திரை தமிழ்நாட்டில் காத்திருக்கிறது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடு வீடாக வந்த 14 அங்குலக் குழாய் டிவி, பழைய கணினிக்கு மிகப் பொருத்தமானது. அதன் 'ஏவி' துளையில் கூட்டுச் சிக்னலை நேரே கொடுக்கலாம். இடையில் மாற்றம் இல்லை, சேமிப்பு இல்லை, தாமதமும் இல்லை. படம் நடுங்கினால், பிபிசி மைக்ரோவின் பெரும்பாலான படமுறைகளில் கட்டளை தட்டி இடைவரியை நிறுத்திவிடலாம். எழுத்து அசையாமல் நிற்கும். பரணில் அப்படி ஒரு டிவி இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். வண்ணக் குழாயில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் சிறிது காலம் அது தங்கியிருக்கும்.

கணினியின் பக்கமும் ஓர் எச்சரிக்கை. பிபிசி மைக்ரோவின் மின்வழங்கிப் பெட்டியில், மின்சார இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றின் மேலுறை வயதாகி வெடிப்பு விடும், ஈரம் ஏறும். பல ஆண்டு கழித்துச் சுவிட்சைப் போட்டால் படாரென்று வெடித்து அறை முழுக்கப் புகை. விவரம் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை முதலில் மாற்றிவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். மற்ற சில்லுகள் பெரும்பாலும் நல்ல ஆயுள் உள்ளவை.

கடைசி அதிசயம் கருவியின் இதயத்தில் இருக்கிறது. பிபிசி மைக்ரோவை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். அதற்கு அடுத்ததாக அவர்கள் ஒரு புதிய செயலியை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று அதன் முதல் சில்லு கைக்கு வந்தது. சோதித்துப் பார்க்க அதை மாட்டியது ஒரு பிபிசி மைக்ரோவில்தான். முதல் முறையிலேயே வேலை செய்தது. அந்தச் செயலியின் பெயர் ஆர்ம். இன்று உலகின் கைப்பேசிகள் அனேகமாக எல்லாவற்றிலும் ஓடுவது அதன் வழித்தோன்றல். ராஸ்பெரி பையில் இருப்பதும் அதுவே. ஸ்மார்ட் டிவிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதுவே. ஆக, பழைய பெட்டி பெற்ற பிள்ளைகள்தான் நடுவிலும் எதிரிலும் நின்று அதன் சிக்னலை வாங்கிக்கொள்கின்றன.

இந்த இணைப்பு சாத்தியமானதற்குச் சில்லுகளின் வேகம் மட்டும் காரணமில்லை. பிபிசி மைக்ரோவின் சுற்றுப்படம் பழுதுநீக்கும் கையேட்டில் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தது: எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட், எந்தக் கடிகாரத்தை எதனால் வகுக்கிறார்கள் என்பது வரை. பல பத்தாண்டு கழித்து, ஏகார்ன் என்ற நிறுவனமே இல்லாமல் போன பிறகும், அதை வாசித்தவர்களால் 62.5 நானோ வினாடியைப் பிடிக்க முடிந்தது. அவர்களும் தங்கள் கருவியின் வரைபடத்தையும் நிரலையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டார்கள். செய்தவர்கள் அளவுகளை எழுதி வைத்து, எழுதியதைத் திறந்தும் வைத்தால், ஓர் இயந்திரத்துக்கு வயதே பொருட்டில்லை. இன்று நாம் வாங்கும் கருவிகளுக்கும் அப்படி ஒரு கையேட்டை உற்பத்தியாளர்களிடம் கேட்டு வாங்குவது, அடுத்த நாற்பது ஆண்டுக்கு நாம் செய்யும் உதவி.